தண்ணீர் குடித்தே விழுந்த ஞாயிற்றுக்கிழமை

ஏப்ரல் மாதக் கடைசி ஞாயிறு. கத்திரி தொடங்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. விடியற்காலை நாலு மணிக்கு நண்பர்களோடு டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் போட்டி) பயிற்சிக்குக் கிளம்பிய நான், அன்று சாயங்காலம் ஓஎம்ஆர் பக்கம் ஒரு மருத்துவமனையின் ஐசியூவில், என்ன கிழமை என்று கேட்டால் சொல்லத் தெரியாமல் படுத்திருந்தேன். கடலில் மூழ்கவில்லை, வண்டி எதுவும் மோதவில்லை. தண்ணீர் அதிகமாகக் குடித்ததுதான் காரணம். இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. ‘தண்ணி குடிக்காமத்தானே மயக்கம் வரும், குடிச்சா எப்படி வரும்?’ என்று கேட்கிறார்கள். அன்று காலை வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இரண்டு வருடமாக ஓடுகிறேன், எத்தனையோ பேரிடம் யோசனை கேட்டிருக்கிறேன், ஒருவர்கூட இதைச் சொன்னதில்லை. ‘நிறைய தண்ணி குடி’ என்று மட்டும் எல்லோரும் சொன்னார்கள். அன்றைக்கு நடந்ததை விடாமல் எழுதுகிறேன். சென்னை வெயிலில் ஓடுகிற, சைக்கிள் மிதிக்கிற ஒருவருக்காவது இது உதவினால் போதும்.

நாங்கள் நான்கு பேர். என் பள்ளித் தோழன் ஒருவன், வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் (வயதில் மூத்தவர், எல்லோருக்கும் அண்ணா), அடையாறில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் ஒரு தோழி, அவரை டீச்சர் என்றே கூப்பிடுவோம். நால்வருக்கும் கோவாவில் நடக்கும் அரை தூர டிரையத்லான் போட்டி ஒன்றில் கலந்துகொள்ளும் ஆசை. 1.9 கிலோமீட்டர் கடல் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், அதற்கு மேல் 21.1 கிலோமீட்டர் ஓட்டம். ஒலிம்பிக்கில் நடப்பது இதைவிடச் சின்னது, 1.5, 40, 10. எங்களுக்கு அதுவே மலைப்பாக இருந்த காலம் ஒன்று உண்டு. மூன்றையும் தனித்தனியாகச் செய்துவிடலாம். சைக்கிளை விட்டு இறங்கின காலோடு உடனே ஓடுவதுதான் கஷ்டம், கால் நம்முடையதே இல்லை என்பதுபோல இருக்கும். அதைப் பழகத்தான் அன்றைய திட்டம். கோவளத்தில் 1.2 கிலோமீட்டர் நீச்சல், அங்கிருந்து ஈசிஆர் என்ற கிழக்குக் கடற்கரைச் சாலையில் கல்பாக்கம் வரை போய்த் திரும்ப அறுபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், வந்ததும் எட்டு கிலோமீட்டர் ஓட்டம். பத்தரைக்கு முடித்துவிட்டு எங்காவது பொங்கல் வடை சாப்பிட்டு வீட்டுக்குப் போவதாகப் பேச்சு.

கடல் விஷயத்தில் நாங்கள் எதையும் விட்டுவைக்கவில்லை. பெசன்ட் நகர் பீச்சில் நிற்கும் ஷ்மிட் நினைவு மண்டபத்தைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். 1930-ல் மூழ்கிக்கொண்டிருந்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட டென்மார்க் மாலுமிக்குக் கட்டியது அது. நம் கரையில் அலை உடையும் இடம் எவ்வளவு பொல்லாதது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அதனால் கோவளம் குப்பத்து அண்ணன் ஒருவரின் ஃபைபர் படகை 1,500 ரூபாய்க்குப் பேசி எங்கள் கூடவே வரச் சொல்லியிருந்தோம். ஆளுக்கொரு ஆரஞ்சு நிற மிதவை இடுப்பில். இரண்டிரண்டு பேராக ஜோடி. இருநூறு மீட்டருக்கு ஒருமுறை நின்று, நாலு தலை தெரிகிறதா என்று எண்ணிவிட்டுத்தான் மேலே போவோம். அந்த மாதங்களில் நீரோட்டம் தெற்கேயிருந்து வடக்கே இழுக்கும், ஆகவே முதலில் தெற்குப் பக்கம் நீந்தி, களைத்தபிறகு ஓட்டத்தோடு திரும்பும்படி படகு அண்ணன்தான் சொல்லிக்கொடுத்தார். ஆறு மணிக்கு முன்னால் இறங்கி, ஆறரைக்கெல்லாம் கரையேறிவிட்டோம். அதோடு ஆபத்தான பகுதி முடிந்தது என்று நால்வருமே நினைத்தோம். நினைத்ததுதான் தப்பு. கடலில் தலையை எண்ணிய நாங்கள் ரோட்டுக்கு வந்ததும் எண்ணுவதை விட்டுவிட்டோம்.

அன்று நான் செய்த இரண்டு காரியங்களை இங்கேயே சொல்லிவிட வேண்டும். வெயிலுக்கு முன்கூட்டியே உடம்பை நனைத்துவைக்கிறேன் என்று நாலரை மணிக்கே ஒரு லிட்டர் தண்ணீர் குடித்தேன். இரண்டாவது, வலது முழங்கால் நான்கு நாளாக வலித்துக்கொண்டிருந்ததால், ஓட்டத்தில் தொல்லை தரக்கூடாது என்று இபுப்ரோஃபென் மாத்திரை ஒன்று போட்டுக்கொண்டேன். சாப்பாடு என்று பார்த்தால் ஒரு வாழைப்பழம், நான்கு பேரீச்சம்பழம். உப்பு என்ற ஒன்று அன்று மத்தியானம் வரை என் வாயில் படவே இல்லை, கடல் தண்ணீரைத் தவிர.

ஏழு மணிக்கு முன்பே சைக்கிளில் ஏறியாகிவிட்டது. திருவிடந்தை, வடநெம்மேலி முதலைப் பண்ணை, பட்டிபுலம், சாளுவன்குப்பம் என்று காலை வெளிச்சத்தில் நல்ல வேகம். மாமல்லபுரத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் என் பின் சக்கரம் ‘உஸ்’ என்றது. லாரி டயர் வெடித்துச் சிதறும்போது அதற்குள்ளிருக்கும் கம்பி நூல்நூலாக ரோட்டோரத்தில் கிடக்கும். அதில் ஒன்று, ஊசியைவிட மெல்லியது, டயருக்குள் நட்டுக்கொண்டு நின்றது. மற்ற மூவரும் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். என் தோழன் திரும்பிப் பார்த்து வேகத்தைக் குறைத்தான். ‘நீங்க போங்கடா, மாத்திட்டு வந்துடறேன்’ என்று கையசைத்தேன். அன்றைக்கு மூன்று தடவை சொன்ன வார்த்தை அது. இது முதல் தடவை.

என்னிடம் உபரி ட்யூப் ஒன்று இருந்தது. மாற்றவும் செய்தேன். ஆனால் அந்தக் கம்பி குத்திய இடத்தை டயரின் உட்பக்கம் விரலால் தடவிப் பார்க்காமல், அவசரத்தில் புது ட்யூபைப் போட்டு, டயர் லீவரால் நெம்பி உள்ளே தள்ளினேன். கம்பியின் ஒடிந்த நுனி ஒன்று உள்ளேயே இருந்திருக்கிறது. பத்து நிமிடத்தில் புது ட்யூபும் போயிற்று. அதற்குப் பிறகு பெடலில் மாட்டிக்கொள்ளும் க்ளீட் வைத்த ஷூவோடு ஒன்றரை கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு நடந்து ஒரு பஞ்சர் கடையைக் கண்டுபிடித்தேன். கடைக்காரர் நல்ல மனிதர், ஒட்டுப் போட்டுக் கொடுத்தார். காற்று அடிக்கத்தான் வழி இல்லை. என் சைக்கிளுக்கு பிரெஸ்டா வால்வு, மெல்லிசாக நீட்டிக்கொண்டிருக்கும். அவருடைய கம்ப்ரஸர் முனை பைக், கார் வால்வுக்கு மட்டும்தான் பொருந்தும். இடையில் திருக ஒரு சின்னப் பித்தளை அடாப்டர் இருந்தால் முப்பது வினாடி வேலை. நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் பொருள், என்னிடம் இல்லை. கையடக்கப் பம்பை வைத்து, நிழலில் உட்கார்ந்து, விட்டு விட்டு அடித்தேன். போட்டி சைக்கிள் டயருக்கு எண்பது, தொண்ணூறு பிஎஸ்ஐ காற்றழுத்தம் வேண்டும். நான் அடித்தது அதில் பாதிகூட வந்திருக்காது. இப்போது சைக்கிள் சீட்டுக்கடியில் மாட்டும் என் பையில் இரண்டு ட்யூப், ஒட்டு, அந்த அடாப்டர் எல்லாம் இருக்கின்றன. ட்யூப் மாற்றுமுன் டயரின் உட்புறம் முழுக்க ஒரு துணியால் துடைப்பேன், கம்பி இருந்தால் துணியில் மாட்டும்.

அந்தக் கடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. உட்கார்ந்த இடத்தில் செய்ய வேறு வேலை இல்லை, பக்கத்துப் பெட்டிக்கடையில் ஒரு லிட்டர் பாட்டிலாக இரண்டு வாங்கிக் குடித்தேன். தாகத்துக்காகக் குடிக்கவில்லை. வெயிலில் உட்கார்ந்திருக்கிறோம், இன்னும் ஓட வேண்டும், இப்போதே குடித்துவைப்போம் என்ற கணக்கு. எட்டே முக்கால் போல மூவரும் கல்பாக்கத்திலிருந்து திரும்பி வந்தார்கள். நின்றார்கள். ‘இருக்கட்டுமாடா?’ என்று தோழன் கேட்டான். பிள்ளையைப் பதினொன்றரைக்கு வகுப்பில் விட வேண்டும் என்று அவன் காலையிலேயே சொல்லியிருந்தான். ‘வெயில் ஏறுது, நீங்க போங்க. நான் பின்னாடியே வர்றேன்’ என்றேன். இரண்டாவது தடவை.

திரும்பி வரும் இருபத்து சொச்சம் கிலோமீட்டர்தான் அன்று எனக்குச் சரியாக நினைவிருக்கும் கடைசிப் பகுதி. கடல் காற்று இன்னும் இறங்கவில்லை. ரோடு கொதித்தது, பின் டயர் தொப்தொப்பென்று இழுத்தது. நெற்றிப் பொட்டில் மெல்லிய வலி. சாளுவன்குப்பம் பக்கம் கைப்பிடியில் விரலைப் பார்த்தபோது கல்யாண மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. சுழற்றப் பார்த்தேன், அசையவில்லை. கைக்கடிகாரத்தின் பட்டையும் இறுகி, தள்ளிப் பார்த்தால் கீழே பள்ளமாக அச்சு விழுந்திருந்தது. வெயிலில் கை வீங்கும் என்று விட்டுவிட்டேன். இன்னொன்றும் இருந்தது. காலையில் இரண்டு தடவை வெள்ளையாக, தண்ணீர் போலச் சிறுநீர் போயிற்று. பஞ்சர் கடைக்குப் பிறகு ஒரு தடவைகூட வரவில்லை. எல்லாம் வியர்வையாகப் போகிறது, இன்னும் குடிக்க வேண்டும் என்று நானே முடிவு செய்து, மாமல்லபுரத்தில் இரண்டு பாட்டிலையும் மறுபடி நிரப்பி, கோவளம் வருவதற்குள் காலி செய்தேன்.

பத்தே முக்காலுக்குக் கோவளம் வந்தபோது மற்றவர்கள் ஓட்டத்தை முடித்துவிட்டு சைக்கிளை காரில் கட்டிக்கொண்டிருந்தார்கள். என் முகத்தைப் பார்த்து டீச்சர் ‘இன்னிக்கு ஓட்டம் வேணாமே’ என்றார். அண்ணாவும் அதையேதான் சொன்னார். எனக்கு மனம் கேட்கவில்லை. மூவரும் செய்து முடித்திருக்கிறார்கள், நான் மட்டும் பாதியில் விடுவதா? ‘நான் நல்லாத்தான் இருக்கேண்ணா. ஒரு அஞ்சு கிலோமீட்டர் ஓடிட்டு வண்டி எடுத்துடறேன். நீங்க கிளம்புங்க.’ மூன்றாவது தடவை. ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு, கையில் அரை லிட்டர் பாட்டிலோடு திருவிடந்தை நோக்கி ஓட ஆரம்பித்தேன். மூவரும் என் எதிரிலேயே காரில் ஏறிப் போனார்கள்.

ஓட்டம் என்று சொல்ல முடியாது. பத்து நிமிடத்தில் நடைக்கு வந்துவிட்டது. வயிறு பொம்மென்று உப்பி, உள்ளே தண்ணீர் குலுங்குவது கேட்டது. குமட்டல். தலைவலி இப்போது மண்டை பிளக்கிற மாதிரி. குமட்டலை வெயில் என்று நினைத்து, வெயிலுக்கு மருந்து தண்ணீர் என்று நினைத்து, மறுபடி குடித்தேன். ஒரு இடத்தில் வாந்தி எடுத்தேன், வெறும் தண்ணீர். அதற்குப் பிறகு எனக்குத் துண்டுதுண்டாகத்தான் தெரியும். திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள் கோவிலுக்குக் கல்யாண வேண்டுதலுக்காக வந்தவர்கள் கையில் மாலையோடு போய்க்கொண்டிருந்தார்கள். அந்த மாலைகளைப் பார்த்து, நானும் ஏதோ கல்யாணத்துக்கு வந்திருக்கிறேன், மனைவி உள்ளே இருக்கிறாள் என்று தோன்றியது. ரோட்டோரம் ஒரு கூழ் வண்டி. பானை, மோர் மிளகாய், மாங்காய்த் துண்டு, வெங்காயம். அதன் பக்கத்தில் உட்காரப் போய், உட்காரத் தெரியாமல் விழுந்திருக்கிறேன்.

இனி வருவது அந்தக் கூழ்க்கடை அக்காவும் அண்ணாவும் பிறகு சொன்னது. அக்கா என்னை வண்டியின் நிழலுக்கு இழுத்துப் போட்டு, துண்டை நனைத்துத் தலையிலும் கழுத்திலும் போட்டிருக்கிறார். பெயர் கேட்டதற்குச் சொல்லியிருக்கிறேன். வீடு எங்கே என்றதற்கு நான் படித்த பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னேனாம். கூட்டத்தில் யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்ட, நான் அதைத் தட்டிவிட்டிருக்கிறேன். என் போனை எடுத்து யாருக்காவது சொல்லலாம் என்று பார்த்தால் போன் திறக்கவில்லை. விரலை வைத்தால் ஈரமும் வீக்கமுமாக ரேகையை எடுத்துக்கொள்ளவில்லை. எண்ணைக் கேட்டால் எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு மணிக்கு நான் யார் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. பன்னிரண்டு பத்துக்கு அண்ணா போன் செய்தார், வீடு வந்து சேர்ந்துவிட்டேனா என்று கேட்க. வருகிற அழைப்பை எடுக்கப் பூட்டைத் திறக்க வேண்டியதில்லை. அக்கா எடுத்தார். சோழிங்கநல்லூரில் இருந்த அண்ணா அப்படியே வண்டியைத் திருப்பினார்.

அவர் வருவதற்குள் கோவில் வாசலில் நின்ற ஆட்டோவில் என்னைப் பக்கத்தில் ஒரு சின்ன கிளினிக்குக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே பார்த்தவுடன் ‘வெயில் மயக்கம், நீர்ச்சத்து குறைஞ்சிருக்கு’ என்று க்ளூக்கோஸ் பாட்டிலை ஏற்றினார்கள். ரத்தப் பரிசோதனை இல்லை. பாட்டில் பாதி இறங்கும்போது நான் இன்னும் மோசமாகி, அண்ணாவையே யார் என்று கேட்டிருக்கிறேன். அவர் சண்டை போட்டுத்தான் தனியார் ஆம்புலன்ஸ் பிடித்து ஓஎம்ஆருக்கு மாற்றினார். 108-ஐ முதலிலேயே கூப்பிட்டிருக்கலாம், பைசா செலவில்லை, அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

பெரிய மருத்துவமனையில் பணியிலிருந்த இளம் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே ‘எவ்வளவு தண்ணி குடிச்சார்?’ என்பதுதான். இரண்டாவது, எடை. காலையில் வீட்டில் 74.3 கிலோ. ஏழு மணி நேரம் வியர்த்து, வாந்தியும் எடுத்தபிறகு, அங்கே 75.6. குறைந்திருக்க வேண்டியது கூடியிருந்தது. ரத்தத்தில் சோடியம் 135-லிருந்து 145-க்குள் இருக்க வேண்டும். எனக்கு 123. அடர்த்தி கூடிய உப்பு நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, சில மணிக்கொருமுறை ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அவசரப்பட்டு ஏற்றினாலும் மூளைக்குக் கெடுதலாம். வீங்கிய விரலைக் காப்பாற்ற மோதிரத்தைச் சின்ன ரம்பத்தால் அறுத்து எடுத்தார்கள்.

தெளிந்தபிறகு அந்த டாக்டர் என் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு விளக்கினார். வியர்வையில் தண்ணீரும் போகிறது, உப்பும் போகிறது. நான் தண்ணீரை மட்டும், அதுவும் போனதைவிட அதிகமாக, திருப்பி ஊற்றியிருக்கிறேன். நீண்ட நேரம் உடம்பை வருத்தும்போது, வலி, குமட்டல் இருக்கும்போது, தண்ணீரைப் பிடித்துவைக்கச் சொல்லும் ஹார்மோன் ஒன்று சுரக்கும். சிறுநீர் நின்றது அதனால்தான். நான் போட்ட வலி மாத்திரை அந்த ஹார்மோனுக்குத் துணை போகும், சிறுநீரகத்துக்கும் ஆகாது. ரத்தம் நீர்த்ததும் தண்ணீர் செல்களுக்குள் புகும். விரலில் புகுந்தால் மோதிரம் இறுகும், மூளையில் புகுந்தால் மண்டை ஓட்டுக்குள் விரிய இடமில்லை. தலைவலி, குமட்டல், குழப்பம், அடுத்து வலிப்பு. நான் வலிப்புக்கு முன்னால் நின்றிருந்தேன். க்ளூக்கோஸ் தண்ணீரில் உப்பு இல்லாததால் அது நிலைமையை மோசமாக்கியிருக்கும் என்றார். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்ததாம். ஓடும்போது எடை கூடியவர்கள், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்கள்தான் அதில் அதிகம் மாட்டியது. வேகமாக ஓடுகிறவனுக்குக் குடிக்க நேரம் கிடையாது. மெதுவாகப் போகிற, நின்று நின்று போகிற, என்னைப் போன்றவர்களுக்குத்தான் ஆபத்து. பஞ்சர் கடையில் உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரம் கண்முன் வந்தது.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கிளினிக் 2,300. ஆம்புலன்ஸ் 4,500. மருத்துவமனை 58,700. இதில் பெரும்பகுதி காப்பீட்டில் வந்திருக்க வேண்டும். வரவில்லை, அதற்கு நான்தான் காரணம். மறுநாள் சோடியம் 134 வந்ததும், திங்கட்கிழமை வேலை கெடுகிறது, வீட்டில் எல்லோரும் பயந்திருக்கிறார்கள் என்று அடம்பிடித்து மத்தியானமே டிஸ்சார்ஜ் வாங்கினேன். சேர்ந்ததிலிருந்து கணக்குப் பார்த்தால் 21 மணி நேரம். என் பாலிசியில் குறைந்தது 24 மணி நேரம் உள்நோயாளியாக இருந்தால்தான் பணம். மூன்று மணி நேரத்தில் அத்தனையும் கையைவிட்டுப் போயிற்று. டிஸ்சார்ஜ் கேட்பதற்கு முன் காப்பீட்டு மேசையில் ஒரு வார்த்தை கேளுங்கள். அதைவிட, டாக்டர் இன்னும் ஒரு நாள் இருங்கள் என்றால் இருங்கள். அவர் சொன்னார், நான்தான் கேட்கவில்லை. அந்த வாரம் முழுவதும் தலை கனத்தது, ஐந்து நாள் விடுப்பு போயிற்று. ஆறு வாரம் சைக்கிளைத் தொடவில்லை.

நண்பர்கள் மீது கோபம் வந்தது உண்மை. ஐசியூவில் படுத்தபடி, விட்டுவிட்டுப் போய்விட்டார்களே என்று அழுதேன். பிறகு யோசித்தால், மூன்று முறையும் போகச் சொன்னவன் நான். தோழன் ஒரு வாரம் என்னிடம் பேசவே கூச்சப்பட்டான். வீட்டுக்கு வந்து, என் மனைவியின் முகத்தைப் பார்க்காமல், ‘நீ சொன்னதை நம்பியிருக்கக் கூடாதுடா’ என்றான். எனக்கு அதுதான் நெஞ்சில் தைத்தது. மூளையே வீங்கிக்கொண்டிருக்கும்போது ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்று சொன்னதும் அதே மூளைதான். அப்படிப்பட்டவனுடைய வார்த்தையை வைத்து யாரும் முடிவெடுக்கக் கூடாது. அதனால் இப்போது முடிவைக் கிளம்புவதற்கு முன்பே எடுத்துவைக்கிறோம். கடலில் எப்படி ஜோடியோ ரோட்டிலும் அப்படியே ஜோடி. பஞ்சர் ஆனால் ஜோடி நிற்க வேண்டும், கேட்கவே கூடாது. கடைசி ஆள் காரில் ஏறும்வரை ஒருவராவது இருக்க வேண்டும், அவசர வேலை இருப்பவர் அன்றைக்குக் குறைந்த தூரம் ஓட்டிக்கொள்ளட்டும். ஒருவர் ‘வேணாம்’ என்று சொன்னால் ஓட்டம் ரத்து, விவாதம் கிடையாது. எல்லோர் போனிலும் பூட்டிய திரையிலேயே வீட்டு எண் தெரியும்படி வைத்திருக்கிறோம். நான் கூடவே ஒரு சின்னத் தகட்டில் பெயர், ரத்த வகை, மனைவியின் எண் பொறித்துக் கையில் கட்டியிருக்கிறேன்.

தண்ணீர் விஷயத்தில் செய்வது இது. ஒரு மணி நேரம் ஓடுவதற்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு, எடை பார்த்தேன். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை, நடுவில் குடித்ததையும் அதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். எனக்கு ஓட்டத்தில் மணிக்கு 1.1 லிட்டர், சைக்கிளில் 0.8. அதைவிட அதிகமாக ஒருபோதும் குடிப்பதில்லை, தாகம் எடுத்தால்தான் குடிக்கிறேன். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போனால் ஒரு பாட்டிலில் ஓஆர்எஸ், அதாவது உப்பு சர்க்கரைக் கரைசல். 20.5 கிராம் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். வாங்கும்போது உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று போட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானங்களை ஓஆர்எஸ் என்று நம்பி வாங்கிக்கொண்டிருந்தோம். 2025 அக்டோபரில்தான் அந்தப் பெயரைப் போட்டு விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடுத்தது. ஆனால் ஓஆர்எஸ் இருக்கிறது என்று அளவில்லாமல் குடித்தாலும் இதே கதி வரும் என்று டாக்டர் எச்சரித்தார், ரத்தத்தைவிட அதில் உப்பு குறைவுதான். பயிற்சி நாளில் வலி மாத்திரையைத் தொடுவதில்லை. முழங்கால் வலித்தால் அன்று ஓட்டமில்லை.

ரோட்டோரத்தில் ஒருவர் இப்படி விழுந்தால், அது வெயில் தாக்கமா, தண்ணீர் குறைவா, தண்ணீர் அதிகமா என்று பார்த்துச் சொல்ல நம்மால் முடியாது. உடம்பு கொதித்தால் ஈரத்துணி, ஐஸ் எது கிடைத்தாலும் கழுத்திலும் அக்குளிலும் வைத்துக் குளிரச் செய்யலாம், அந்த அக்கா செய்தது சரியான காரியம். பேச்சு குழறினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மருத்துவமனையில், எவ்வளவு நேரம் ஓடினார், எவ்வளவு குடித்தார் என்று சொல்லி, சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். அதைச் சொல்லக் கூட ஒரு ஆள் வேண்டும்.

ஜூன் மாதம் மறுபடி சைக்கிள் எடுத்த முதல் ஞாயிறு, நால்வரும் திருவிடந்தைக்குப் போனோம். அக்கா என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு, ‘கல்யாணத்துக்கு வந்த தம்பிதானே?’ என்று கேட்டு, என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். காலை ஏழிலிருந்து மாலை வரை அந்த வெயிலில்தான் நிற்கிறார். என்ன குடிப்பீர்கள் என்று கேட்டேன். கேழ்வரகுக் கூழில் மோரும் கல்லுப்பும் போட்டுக் கரைத்து, வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிப்பதுதான், இடையில் தவித்தால் இரண்டு மடக்கு தண்ணீர் என்றார். எனக்கும் ஒரு சொம்பில் கரைத்துக் கொடுத்தார். ஒவ்வொரு பயிற்சி ஞாயிறும் அந்த வண்டியில் நிற்காமல் நாங்கள் திரும்புவதில்லை. மோதிரத்தை மயிலாப்பூரில் ஒரு பத்தர் ஒட்டிக் கொடுத்தார், 1,800 ரூபாய் ஆயிற்று. சனிக்கிழமை இரவே கழற்றி என் மனைவியின் கையில் கொடுத்துவிடுகிறேன். ஞாயிறு மத்தியானம் நான் குளித்து வந்தபிறகு அவள்தான் போட்டுவிடுகிறாள், சுலபமாகச் சுழல்கிறதா என்று ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு.